லெயோன்ஸ் வெட்டாத பக்கங்கள்

பாரிஸ், சேன் நதிக்கரை
அக்டோபர் 17, சனிக்கிழமை

மதிப்பிற்குரிய அன்செல்ம் ரூத்தியே வாத்தியார் அவர்களுக்கு,

பச்சைப் பெட்டிக்காரி, பழைய புத்தகம் விற்கிற மொரிசெத் எழுதுவது. நான் நலம். என் முழங்கால் நலமில்லை, ஆனால் அதற்காக நீங்கள் விசாரித்து எழுதப்போவதில்லை. நீங்கள் ஓவெர்ன் மலையில் உங்கள் அப்பாவின் பழைய வீட்டைத் திறந்துகொண்டு தனியாக உட்கார்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அங்கே விறகு இருக்கிறதா? சூப் யார் வைத்துத் தருகிறார்கள்? நாற்பது வருஷம் பிள்ளைகளுக்கு லத்தீன் சொல்லிக்கொடுத்தவருக்கு அடுப்புப் பற்றவைக்கத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். லத்தீனில் திட்டினால் ஈர விறகு எரியாது.

என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். பாவாடை கணுக்காலைத் தொடுவதற்கு முன்னாலேயே என் அம்மா என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி ரூபே நூல் மில்லில் கொண்டுபோய்விட்டாள். தப்பு இருந்தால் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புங்கள். அப்படியாவது உங்களிடமிருந்து ஒரு தபால் வரட்டும்.

உங்கள் குடை என்னிடம்தான் இருக்கிறது. பக்கத்துப் பெட்டி நெஸ்தோர் அதை ஒரு ஜப்பான்காரருக்கு விற்கப் பார்த்தான். "பிரபல எழுத்தாளர் குடை, முதல் பதிப்பு" என்று விலை சொன்னான். பிடுங்கி உள்ளே வைத்திருக்கிறேன்.

சரி. சுற்றி வளைத்தது போதும். பிடிக்காத புத்தகத்தைப் பத்தாம் பக்கத்தில் மூடிவிடுகிற ஆள் நீங்கள், அதனால் சொல்ல வந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் சிநேகிதர் லெயோன்ஸ் அந்தப் பக்கங்களை வெட்டவில்லை. வெட்டியது நான். என் பாலாடைக்கட்டிக் கத்தியால், என் இந்தக் கையால்.

மூடாதீர்கள். மேலே படியுங்கள்.

இத்தனை வருஷமாக வியாழன் தோறும் என் பெட்டிகளுக்கு வருகிறீர்கள். கையுறையைக் கழற்றி, புத்தகத்தின் முதுகைத் தடவி, கடைசிப் பக்கத்தில் அச்சான தேதியைப் பார்த்து, முதல் அச்சு இல்லையென்றால் செத்த எலியைப் போல ஓரமாக வைப்பீர்கள். நீங்கள் தேடுவதெல்லாம் அந்த அறுபதுகளில் வந்த விசித்திர நாவல்கள். ஒன்றில் யாருக்கும் பெயரே கிடையாது. இன்னொன்றில் நாற்பது பக்கத்துக்கு ஒரு மேசையை வர்ணிக்கிறார்கள், கடைசிவரைக்கும் அதில் சாப்பாடு வருவதில்லை. "கதையே இல்லாத கதைக்கு இவ்வளவு காசா வாத்தியாரே, எங்க வீட்டுக்கு வாங்க, இலவசமா மேசையைப் பாத்துட்டுப் போங்க" என்று நான் சொல்வதும், "அம்மணி, நீங்க படிக்காம விக்கிறதாலதான் இந்தத் தொழில் இன்னும் சுத்தமா இருக்கு" என்று நீங்கள் சொல்வதும் நமக்கு ஜெபம் மாதிரி ஆகிவிட்டது.

அந்த வரிசையில் நீங்களே எழுதிய 'மூடிய அறைகள்' என்ற ஒன்றும் உண்டு என்பதை நீங்கள் சொல்லி நான் தெரிந்துகொள்ளவில்லை. பின்னட்டைப் படத்தில் இளவயசு மூக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். முந்நூறு பிரதிகள்தான் அச்சடித்தார்களாம். எங்கே ஒன்று தலைகாட்டினாலும், என்ன விலை சொன்னாலும், பேரம் பேசாமல் எடுத்துப்போவீர்கள். சந்தையில் தன் மீனைத் தானே வாங்குகிற மீன்காரர் என்று உங்களைக் கேலி செய்திருக்கிறேன். பெருமைக்கு வாங்குகிறார் என்றுதான் நினைத்தேன். உலகத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துவிடப் பார்க்கிறீர்கள் என்பது என் மரமண்டைக்கு ஏறவில்லை.

ஒரு நாள் மழைக்கு என் பெட்டி மூடிக்கு அடியில் ஒதுங்கியபோது நீங்கள் சொன்னது மட்டும் காதில் நின்றுவிட்டது. "என்னைச் சரியாப் படிச்சவன் லெயோன்ஸ் ஒருத்தன்தான்" என்றீர்கள். நீங்கள் யாரையும் புகழ்ந்து அன்றைக்குத்தான் கேட்டேன். அதனால்தான் மறக்கவில்லை. அதனால்தான் இவ்வளவும் வந்தது.

ஜூனில் லெயோன்ஸ் போனார். செப்டம்பரில் அவர் மனைவி ஓதெத் அம்மா கூப்பிட்டு அனுப்பினார்கள். மகள் வீட்டோடு போகப்போவதாகவும், அங்கே புத்தகத்துக்கு இடமில்லை என்றும் சொன்னார்கள். தள்ளுவண்டியோடு போனேன். அந்த அம்மா அடுக்களையில் பாத்திரங்களுக்குக் காகிதம் சுற்றிக்கொண்டிருந்தார்கள், அலமாரியை என்னிடமே விட்டுவிட்டார்கள். மேல் தட்டில், தூசி படாமல் கண்ணாடித்தாள் சுற்றி, உங்கள் புத்தகம். முதல் பக்கத்தில் உங்கள் கையெழுத்தில் லெயோன்ஸ் பெயர். புரட்டினேன். மடிப்பு ஒன்றுகூட வெட்டப்படவில்லை.

எங்கள் தொழிலில் மடிப்பு வெட்டாத புத்தகத்தைக் கன்னிப் புத்தகம் என்போம். அச்சகத்தில் தாளை மடித்துத் தைத்து அனுப்பிவிடுவார்கள், வாங்குகிறவர் கத்தியால் மடிப்பை வெட்டி வெட்டிப் படிக்க வேண்டும். வெட்டவில்லை என்றால் படிக்கவில்லை. இதற்கு இரண்டு அர்த்தம் கிடையாது என்றுதான் அன்றுவரை நினைத்திருந்தேன். உங்கள் புத்தகத்தில் வெளிப்பக்கங்களை மட்டும் படித்தாலே ஒரு முழுக்கதை வரும், மடிப்புக்குள் இருப்பது வேறொன்று, உள்பக்கங்களுக்கு எண்கூடப் போடவில்லை, இதெல்லாம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். நான் விற்கிறவள்.

உயிர்ச் சிநேகிதர் உங்கள் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லையே. இத்தனை வருஷம் உங்களிடம் நல்ல நாவல் நல்ல நாவல் என்று வாயளவில் சொல்லியிருக்கிறாரே. வியாழக்கிழமை இதை உங்கள் கையில் எப்படிக் கொடுப்பது? ஒளித்துவைக்கலாம் என்றால், என்றைக்காவது வேறு யாராவது கொண்டுவந்து உங்களிடமே விற்பார்கள். விலை கேட்டு வேறொரு கனவானுக்குத் தள்ளியிருந்தால், கன்னிப் புத்தகம், ஆசிரியர் கையெழுத்தோடு, நான் குளிர்காலம் முழுக்கப் பெட்டி திறக்காமல் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பாவத்தையும் நஷ்டப்பட்டுத்தான் செய்தேன் என்று தெரியட்டும் என்று சொல்கிறேன்.

அன்று மத்தியானம் மழை, ஆள் நடமாட்டம் இல்லை. மடியில் வைத்து வெட்ட ஆரம்பித்தேன். நெஸ்தோர் எட்டிப் பார்த்து, "ஏய் மொரிசெத், என்ன, புத்தகத்துக்குச் சவரம் பண்றியா?" என்றான். பாதியில் மறுபடியும் வந்து, "அடி பைத்தியக்காரி, வெட்டின ஓரம் புதுப் பல்லு மாதிரி வெள்ளையா இளிக்குது பாரு. நாப்பது வருஷத்துக்கு முன்னால வெட்டினதுன்னு எந்தக் குருடன் நம்புவான்?" என்றான். அவன் சொன்னது சரி. அதற்கும் ஒரு வைத்தியம் செய்தேன். என் பிளாஸ்கில் இருந்த காப்பியில், செத்துப்போன என் புருஷனின் சவரத் தூரிகையைத் தொட்டுத் தொட்டு ஓரமெல்லாம் தடவினேன். மெட்ரோ காற்று வருகிற இரும்புச் சல்லடை மேல் விரித்துப் பிடித்துக் காயவைத்தேன். நல்ல பழுப்பு வந்தது. நெஸ்தோர்கூட, "நீ கள்ள நோட்டு அடிக்கப் போயிருக்கலாம்" என்று மெச்சிக்கொண்டான்.

அந்த வியாழக்கிழமையை நினைத்தால் இப்போதும் என் காது சூடாகிறது. நீங்கள் வந்தீர்கள். கொடுத்தேன். லெயோன்ஸ் பெயரைப் பார்த்ததும் உங்கள் முகத்தில் ஒரு சின்னப் பையன் வந்து போனான். பிறகு புரட்டினீர்கள். நின்றீர்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "பாத்தீங்களா வாத்தியாரே, உங்க சிநேகிதர் ஒரு பக்கம் விடலை. ஓரம் எப்படிக் கறுத்திருக்கு பாருங்க, ரெண்டு மூணு தரம் படிச்சிருப்பார்" என்றேன். நீங்கள் மெதுவாக, "எல்லா மடிப்பையுமா?" என்று கேட்டீர்கள். நான் சிரித்துக்கொண்டே, "எல்லாத்தையும்தான், விடுவாரா?" என்றேன். உங்கள் கண் கலங்கியதை நான் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன். குடையை மறந்துவிட்டு மழையிலேயே போனீர்கள். பெரிய நல்ல காரியம் செய்ததாக எண்ணி நான் அன்றைக்கு நெஸ்தோருக்கு ஒரு கிளாஸ் ஒயின் வாங்கிக் கொடுத்தேன். அதுதான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

அடுத்த வியாழன் நீங்கள் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. காய்ச்சல் என்று நினைத்தேன். இந்தச் செவ்வாய்க்கிழமை ஓதெத் அம்மா கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு என் பெட்டி முன்னால் வந்து நின்றார்கள். நீங்கள் அனுப்பிய அட்டையைக் காட்டினார்கள். கல்லறைக்கு வர இயலாது, மன்னிக்கவும், அவ்வளவுதான். "என்னாச்சு அவனுக்கு? போன் எடுக்க மாட்டேங்கிறான். சாம்பலைப் புதைக்க நீ இருக்கணும்னு லெயோன்ஸ் வாயைத் தொறந்து கேட்ட ஒரே ஆளு அவன்தான். நான் என் மகளோட மட்டும் போய் நிக்கவா?" என்று கேட்டார்கள். பிறகு, "உன்கிட்டதான் வியாழக்கிழமை வருவானே, நீ ஏதாவது கேலி பண்ணித் தொலைச்சியா?" என்றார்கள்.

நான் இல்லவே இல்லை என்று சொல்லி, என் நல்ல காரியத்தைப் பற்றிப் பேச்சை எடுத்தேன். அவருடைய புத்தகத்தை அவரிடமே சேர்த்துவிட்டேன் என்றேன். அந்த அம்மா சிரித்தார்கள். "அப்பாடா, நல்ல இடம் போச்சு. அதை என் புருஷன் தொறந்ததே இல்லைடி. வெளிப்பக்கம் மட்டும் மனப்பாடம். ஒவ்வொரு புதுவருஷமும் எடுத்து, கத்தியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, ஒரு நிமிஷம் பாப்பார். அப்புறம், 'இந்த வருஷமும் நான்தான் ஜெயிச்சேன்'னு சொல்லி மேல வெச்சிடுவார். அன்செல்முக்குக் கொடுத்த வாக்காம்" என்றார்கள்.

என்ன வாக்கு என்று கேட்டேன்.

ஓதெத் அம்மா சொன்னதைத்தான் எழுதுகிறேன், கூட்டவில்லை. ஐம்பத்தேழில் உங்கள் இருவரையும் அல்ஜீரியப் போருக்கு அனுப்பினார்கள், ஒரே கூடாரம். லெயோன்ஸ் காய்ச்சலோடு ராணுவ ஆஸ்பத்திரியில் கிடந்த வாரத்தில் உங்கள் படை ஒரு ஊருக்குப் போய்வந்தது. அவர் திரும்பி வந்தபோது நீங்கள் வேறு ஆளாக இருந்தீர்கள். அவர் கேட்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து அதையெல்லாம் மடிப்புக்குள் எழுதி, முகம் தெரியாத முந்நூறு பேர் வெட்டிப் படிக்கட்டும் என்று விட்டீர்கள். அவருக்கு மட்டும், "நீ வெட்டாதே. இதைத் தெரியாத ஒருத்தன் எதிரிலாவது நான் நிமிர்ந்து உட்காரணும்" என்று சொன்னீர்கள். அவர் சரி என்றார். அவ்வளவுதான் ஒப்பந்தம். ஒவ்வொரு ஞாயிறும் சதுரங்கப் பலகைக்கு அந்தப் பக்கம் தெரியாதவராகவே உட்கார்ந்திருந்தார், சாகும்வரை.

வெட்டியது நான்தான் என்று அங்கேயே ஓதெத் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அடிப்பார்கள் என்று பார்த்தேன். கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு ஆற்றையே பார்த்தார்கள். "பாவி, என் புருஷன் வாழ்நாளெல்லாம் செஞ்ச ஒரு காரியத்தை நீ ஒரு மத்தியானத்துல அழிச்சிட்டியே" என்றார்கள். நீங்களே எழுதிச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். "நான் எழுதினா புருஷன் மானத்தைக் காப்பாத்த எழுதறான்னு நினைப்பான். நீ வெட்டினே, நீ எழுது. அழகா எழுத வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். திரும்பிப் பார்க்கவில்லை.

செவ்வாயிலிருந்து சனிக்கிழமை வரைக்கும் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் அந்த மலையில் உட்கார்ந்து என்ன யோசிப்பீர்கள் என்று எனக்குத் தெரிகிறது. அவனும் படித்துவிட்டான், படித்துவிட்டுத்தான் இத்தனை ஞாயிறும் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான், எல்லாம் நடிப்பு என்று யோசிப்பீர்கள். இல்லை வாத்தியாரே. சத்தியமாக இல்லை. ஜெயித்தபடியே செத்த மனிதரைத் தோற்றவர் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் மேல் கோபப்படுங்கள். அது எனக்குச் சேர வேண்டியது. அவருடையதை அவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் இந்தக் கடிதமும் காப்பி தடவின ஓரம் மாதிரி ஆகிவிடும். வெட்டும்போது கண் சும்மா இருக்காது. நான் வேகமாகப் படிக்கிறவள் இல்லை, கறிக்கடைப் பலகையைப் படிக்கவே எனக்கு நேரம் பிடிக்கும். ஆனாலும் ஓர் இடத்தில் கொஞ்சம் படித்துவிட்டேன். ஒரு கிணறு வருகிறது. அந்தப் பக்கம் முடிகிறவரை படித்தேன். கதைதானே என்று அன்றைக்கு மேலே வெட்டிக்கொண்டு போய்விட்டேன். கதை இல்லை என்று செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது. அதைப் பற்றி உங்களிடம் பரவாயில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள் அந்தக் கிணற்றடியில் நின்றவர்கள், நானில்லை. இன்றைக்கு அக்டோபர் பதினேழு, அறுபத்தொன்றில் போலீஸ் அடித்து ஆற்றில் தள்ளிய அல்ஜீரியர்களுக்காக, பாலத்தின் மேல் வருஷா வருஷம் வருகிறவர்கள் வந்து பூ போட்டார்கள். கூட்டம் என் பெட்டிகளை மறைக்கிறது, வியாபாரம் போச்சு என்று ஒவ்வொரு வருஷமும் முணுமுணுப்பேன். இந்த வருஷம் பெட்டியைச் சாத்திவிட்டுப் போய் நானும் ஒரு பூ போட்டேன். நெஸ்தோர்கூட ஒன்றும் கேலி பேசவில்லை.

ஆக, உங்களைத் தெரிந்த ஓர் ஆள் இப்போது இருக்கிறாள். அவள் முன்னால் நிமிர்ந்து உட்காருவதும் குனிந்து உட்காருவதும் உங்கள் இஷ்டம். வியாழக்கிழமைகளில் நீங்கள் உட்காருகிற முக்காலி இங்கேயேதான் இருக்கிறது.

இதெல்லாம் மொரிசெத் கட்டிவிடுகிற கதை, என்னைத் தேற்றப் பொய் சொல்கிறாள் என்று தோன்றலாம். நான் வாயாடி, ஏற்கெனவே ஒரு பொய்யை உங்கள் கையில் கொடுத்தவள், நம்புங்கள் என்று கேட்க எனக்கு முகமில்லை. அதனால் ஒன்று செய்யுங்கள். அந்தப் புத்தகத்தைத் தூக்கிப்போடவில்லை என்றால் எடுங்கள். யாரும் பார்க்காதபோது ஒரு பக்கத்தின் வெட்டின ஓரத்தை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசக்கும். அது சிக்கரி. எங்கள் ரூபே பக்கம் சிக்கரி கலக்காததைக் காப்பி என்று யாரும் சொல்வதில்லை, "அம்மணி, இது காப்பியா, கரித்தூள் கஷாயமா?" என்று நீங்களே என் பிளாஸ்கைப் பார்த்து முகம் சுளித்திருக்கிறீர்கள். லெயோன்ஸுக்கு வயிற்றுப்புண், அந்த வீட்டுக்குள் காப்பியே நுழைந்ததில்லை. இதை நான் சொல்வதைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். என் நாக்கை நம்ப வேண்டாம். உங்கள் நாக்கை நம்புங்கள்.

நவம்பர் முதல் தேதி, புனிதர்கள் திருநாளன்று, தூவார்னெனே என்ற கடலோர ஊரில், துறைமுகத்துக்கு மேலே இருக்கிற கல்லறைத் தோட்டத்தில் அவரை வைக்கிறார்கள். ஓதெத் அம்மா என்னைக் கூப்பிடவில்லை, ஆனாலும் போகிறேன், வேலிக்கு வெளியே நிற்பேன். வெள்ளைச் சாமந்தித் தொட்டி ஒன்று சொல்லிவைத்திருக்கிறேன். அதை அந்த அம்மா கையில் கொடுக்கும் தைரியம் எனக்கு வராது. நீங்கள் வந்தால் நீங்கள் வாங்கி உள்ளே கொண்டுபோகலாம்.

அந்தக் கடற்கரையில் எப்போதும் மழையாம். உங்கள் குடையை எடுத்துக்கொண்டு வருகிறேன். அதற்குக் கீழே நின்றுகொண்டு அவரிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள், இந்த வருஷமும் நீதான் ஜெயித்தாய் என்று. எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

உங்கள் அடுப்பு அணையாமல் எரியட்டும்.

வியாழன் தோறும் வழி பார்க்கும்,
மொரிசெத்